செல்டிக்ஸ் இருவரைச் சேர்த்துக் கொடுத்து ஒரு நட்சத்திரத்தை வாங்கியிருக்கலாமே?

2025 கோடையில் ஹாலிடே, போர்சிங்கிஸ் என்ற இரு வீரர்களையும் ஒன்றாகக் கொடுத்து, NBA கூடைப்பந்து அணியான பாஸ்டன் செல்டிக்ஸ் ஏன் ஒரு நட்சத்திரத்தை வாங்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இரண்டாம் ஏப்ரன்தான் காரணம்: அணியின் மொத்தச் சம்பளம் தாண்டினால் கடும் கட்டுப்பாடுகள் வரும் கோடு அது. 2025-26இல் சுமார் 20.78 கோடி டாலர். டிரேட் (வீரர் பரிமாற்றம்) முடிந்தும் அதற்கு மேலேயே நிற்கும் அணி, இருவர் சம்பளத்தைக் கூட்டிக் காட்டி ஒரு பெரிய சம்பளக்காரரை வாங்க முடியாது. அதனால் தனித்தனியாக, ஒவ்வொன்றிலும் கொடுத்ததைவிடக் குறைந்த சம்பளத்தை வாங்கினார்கள்: ஹாலிடேக்கு (சம்பளம் 3.24 கோடி டாலர்) சைமன்ஸ் (2.77 கோடி), போர்சிங்கிஸுக்கு (3.07 கோடி) நியாங் (0.82 கோடி). இரண்டாவதில்தான் உண்மையான மிச்சம்.

கோட்டுக்குக் கீழே வந்ததும் மிட்-லெவல் திறக்கும்; அதாவது சம்பள வரம்பைத் தாண்டியும் புது வீரரை எடுக்க அனுமதிக்கும் தொகை, 2025-26இல் சுமார் 57 லட்சம் டாலர். அணியை நடத்துவது நீங்கள் என்றால், அவசரப்பட்டு அதைத் தொட்டுவிடாதீர்கள். தொட்டால் அந்த இரண்டாம் ஏப்ரன் கோடே சீசன் முடியும்வரை ஹார்ட் கேப், அதாவது தாண்டவே கூடாத வரம்பு. நடுவில் யாராவது காயப்பட்டால், மினிமம் (குறைந்தபட்சச் சம்பள) ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கக்கூட இடமில்லாமல் போகலாம். முதலில் 14 பேரை நிரப்பிக் கணக்குப் பாருங்கள்.