வேலை கிடைக்கவில்லை என்பதற்காகச் சொந்தத் தொழில் தொடங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 13 ஆண்டுகள் பணியாற்றினேன். அந்தப் பிரிவையே மூடிவிட்டதால் வேலை போயிற்று. பத்து மாதங்களாக விண்ணப்பித்து வருகிறேன். பல இடங்களிலிருந்து பதிலே வருவதில்லை. இரண்டு இடங்களில் இறுதிச் சுற்று வரை சென்றும், வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக ஒற்றை வரி மின்னஞ்சல்தான் வந்தது. என்னிடமே ஏதோ குறை இருப்பதாகத் தோன்றுகிறது. இனி யாரிடமும் போய் நிற்காமல், சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதித் தரும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கலாமா? சந்தை மந்தமாக இருக்கும் நேரத்தில் இது சரியான முடிவுதானா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ‘இனி யாரிடமும் போய் நிற்காமல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த எண்ணத்தை முதலில் விலக்கி வையுங்கள். சொந்தத் தொழில் செய்பவர், வேலை தேடுபவரைவிட அதிகம் பேரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். ஆனால், கட்டணம் அதிகம், ஏற்கெனவே ஆள் இருக்கிறார், இப்போது தேவையில்லை என்று வாடிக்கையாளர் பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடுவார். அடுத்தவரைப் பார்ப்பதற்குள் நீங்கள் எதையாவது மாற்றிக்கொள்ள முடியும். நிறுவனங்கள் அப்படிச் சொல்வதில்லை. உள்ளேயே ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு பெயரளவுக்கு விளம்பரம் செய்திருக்கலாம். நேர்முகத் தேர்வு முடிவதற்குள் அந்தப் பணியிடத்துக்கான நிதி ஒதுக்கீடே நிறுத்தப்பட்டிருக்கலாம். இறுதிச் சுற்று வரை அழைக்கப்பட்டவரின் தகுதியில் அவர்களுக்குப் பெரிய ஐயம் இருந்திருக்காது என்பதே என் கருத்து. பதிலே வராத விண்ணப்பங்களைப் பற்றி அவ்வாறு சொல்ல மாட்டேன். அவற்றை உங்கள் துறையில் ஆள் எடுக்கும் பொறுப்பில் உள்ள ஒருவரிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள்.

பத்து மாத வேலையின்மை மனத்தை என்ன செய்யும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்திரியாவின் மரியந்தால் என்ற ஊரில் ஆலை மூடப்பட்டு ஏறத்தாழ ஊரே வேலையிழந்தபோது, மேரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோர் அங்கு நடத்திய ஆய்வு 1933இல் வெளிவந்தது. கைநிறைய நேரமிருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம்கூடக் குறைந்து, வழியில் அடிக்கடி நின்றுவிட்டார்கள். வீட்டு வேலை இருந்த பெண்கள் அவர்களைவிட விரைவாக நடந்தார்கள். ஆகவே உங்களுக்கு இப்போது ஏற்பட்டிருக்கும் சோர்வைத் திறமைக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். குறித்த நேரத்தில் தொடங்கி முடியும் ஏதேனும் ஒரு வேலை, ஊதியம் சிறிதாயினும், இந்தச் சோர்வைக் குறைக்கும். தூக்கமின்மையும் நம்பிக்கையின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

தொழிலைப் பொறுத்தவரை, மந்தநிலை உங்கள் வாடிக்கையாளர்களையும் பாதிக்கும். அதே வேளையில், நிரந்தரமாக ஆள் எடுக்கத் தயங்கும் சிறு நிறுவனத்துக்கு, மாதத்தில் சில நாள் மட்டும் வந்து கணக்கை முடித்துத் தரும் ஒருவர் தேவைப்படலாம். அந்தத் தேவை உண்மையாக இருக்கிறதா என்பதை, பணம் கொடுத்து வேலை வாங்க இரண்டு அல்லது மூன்று பேர் முன்வருகிறார்களா என்று பார்த்துத்தான் அறிய முடியும்; நண்பர்களின் ‘நல்ல யோசனை’ என்ற பாராட்டை வைத்து முடிவு செய்ய இயலாது. நெருங்கியவர்களை மட்டும் கேட்காமல், எப்போதாவது பேசும் பழைய சக ஊழியர்கள், முன்பு உங்களோடு கணக்கு வழக்கு வைத்திருந்த விற்பனையாளர்கள் ஆகியோரிடமும் சொல்லி வையுங்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர்கள் வழியாக வேலை பெற்றோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு மட்டுமே அடிக்கடி சந்திப்பவரால் அது கிடைத்திருந்தது. மற்றவர்களுக்கு எப்போதாவது, அல்லது அரிதாகவே, சந்திப்பவர்கள்தான் உதவியிருந்தார்கள்.

கட்டணத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பழைய மாதச் சம்பளத்தை வேலை நேரத்தால் வகுத்து, அதையே மணிக்கட்டணமாகச் சொல்வது நஷ்டத்தில்தான் முடியும். வாடிக்கையாளரைத் தேடுவது, விலைப்பட்டியல் அனுப்புவது, நிலுவையைத் துரத்துவது, விடுப்பு, காப்பீடு, வரி என எவரும் தனியாகப் பணம் தராத அனைத்தும் அந்தக் கட்டணத்துக்குள்தான் அடங்க வேண்டும். வேலையை முடித்துக் கொடுத்த பிறகும் 30 அல்லது 60 நாள் கழித்தே பணம் வரும் வழக்கம் பரவலாக இருப்பதால், கையில் வேலை இருக்கும்போதே வீட்டுச் செலவுக்குப் பணமில்லாத நிலை வரக்கூடும். ஆறு மாதக் குடும்பச் செலவையாவது தொழிலிலிருந்து பிரித்து வைக்க முடியாவிட்டால், முழுமையாக இறங்க வேண்டாம்.

அப்படியானால், விண்ணப்பிப்பதை நிறுத்தாமலேயே ஓரிரு வணிகர்களின் கணக்கை எடுத்துக்கொண்டு நான்கு மாதம் பாருங்கள். இந்த வேலையைத் தற்குறிப்பிலும் சேர்த்துக்கொள்ளலாம். இடைவெளி பற்றிய கேள்விக்கும் அது பதிலாக அமையும். தணிக்கை, வரித்தாக்கல் போன்றவற்றுக்கு உரிமம் பெற்றவரே கையொப்பமிட வேண்டிய இடங்களில் நீங்கள் கையொப்பமிட வேண்டாம். முதல் வாடிக்கையாளர் உறவினராகவே இருந்தாலும், என்ன வேலை, எந்தத் தேதிக்குள், எவ்வளவு கட்டணம், எப்போது பணம் என்ற நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஒரு பகுதியை முன்பணமாகப் பெற்ற பிறகே கணக்குப் புத்தகத்தைத் திறவுங்கள்.