ஜாவாவில் ஒப்ஜெக்ட் எதுவரை உயிரோடு இருக்கும்? யாழ்ப்பாணத்து மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

கொக்குவிலில் இருந்து ஒரு மாணவி: அண்ணா, வேலை முடிந்ததும் மாறிக்கு ‘நல்’ (எதையும் பிடித்திருக்காத வெறுமை) போட்டால்தான் ஒப்ஜெக்ட் அழியுமா?

தேவையில்லை தங்கச்சி. மெதட் முடிந்தால் அதற்குள் இருந்த மாறிகளும் போய்விடும். அந்த ஒப்ஜெக்டை வேறு எதுவும் பிடித்திருக்காவிட்டால் கார்பேஜ் கலெக்டர், அதாவது தேவையற்ற ஒப்ஜெக்ட்களின் மெமரியை மீட்கும் ஜாவாவின் துப்புரவாளர், அதை எடுக்கலாம். உடனே எடுக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

உடுவில் மாணவர்: இரண்டு ஒப்ஜெக்ட் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தால் இரண்டும் அப்படியே தங்கிவிடாதா?

தங்காது. நம்மூர்க் கிணற்றுத் துலாவை நினைத்துப் பாருங்கள். துலாக்கயிற்றில் கட்டிய வாளிதான் மேலே வரும். இரண்டு வாளிகளை ஒன்றோடொன்று கட்டி, கயிற்றில் கட்டாமல் விட்டால் இரண்டும் கிணற்றோடு சரி. ஜாவாவும் யார் யாரைப் பிடித்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டிருப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் மெதட்களின் மாறிகள், பொதுவாகப் புரோகிராம் ஓடும்வரை இருக்கும் ஸ்டாட்டிக் மாறிகள் போன்ற வேர்களில் தொடங்கித் தொடர்ந்து போகும். போய்ச் சேர முடியாதது எல்லாம் குப்பை.

கார்பேஜ் கலெக்டரை ஓடச் சொல்லி ‘சிஸ்டம் ஜிசி’ அழைத்தால் உடனே துப்புரவாகுமா?

அது வேண்டுகோள் மட்டும்தான். கோடில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

சுன்னாகத்தில் கடைக்கு பில் புரோகிராம் எழுதிய தம்பி: காலையில் நன்றாக ஓடுகிறது, பின்னேரம் ‘அவுட் ஒஃப் மெமரி’ என்று விழுகிறது. ஒவ்வொரு பில்லையும் ஒரு ஸ்டாட்டிக் மேப்பில் (சாவியை வைத்துத் தேடும் தொகுப்பில்) போடுகிறேன்.

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்த பில் இனித் தேவையில்லை என்பது உங்களுக்குத் தெரியும், கலெக்டருக்குத் தெரியாது. மேப் பிடித்திருக்கும்வரை அது உயிருள்ள ஒப்ஜெக்ட்தான். ஒப்ஜெக்ட்கள் இருக்கும் மெமரியான ஹீப்பின் அளவைப் பெரிதாக்கினால் பின்னேரம் விழுவது இரவு விழும், அவ்வளவுதான். ‘ஜேமேப்’ என்ற ஜாவா கருவி மூலம் ஹீப் டம்ப் (ஹீப்பில் இருப்பதன் நகல்) எடுத்து, எக்லிப்ஸ் மெமரி அனலைசரில் திறந்து, எந்த வேர் பிடித்திருக்கிறது என்று ஒருமுறை கண்ணால் பாருங்கள். அப்புறம், சேமித்து முடிந்த பில்லை மேப்பில் இருந்து நீக்குங்கள்.

கலெக்டர் ஒப்ஜெக்டை எடுக்கும் முன் அழைக்கப்படும் ‘ஃபைனலைஸ்’ மெதட்டில் பைலை மூடலாமா?

தயவுசெய்து வேண்டாம். 2017இல் ஜாவா 9 அதைக் கைவிடச் சொன்னது, 2022இல் ஜாவா 18 நீக்கப்படப்போகிறது என்றே குறித்துவிட்டது. கலெக்டர் பார்ப்பது மெமரியை மட்டும். மெமரி தாராளமாக இருந்தால் அது அவசரப்படாது, அதற்குள் திறந்த பைல்களின் எண்ணிக்கை எல்லையைத் தொட்டுவிடும். ஜாவா 7இலேயே வந்த ‘ட்ரை வித் ரிசோர்சஸ்’ இருக்கிறது. அதன் அடைப்புக்குள் பைலைத் திறந்தால், அந்த ‘ட்ரை’ பகுதி முடியும் இடத்திலேயே பைல் மூடிவிடும்.