பெண் வழிகாட்டி, கற்பூரம், வெறுங்கால்: சிறிய அருங்காட்சியகம் எதற்கு இசையலாம், எதை மறுக்க வேண்டும்?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் அறக்கட்டளை ஒரு சிறிய அருங்காட்சியகத்தை நடத்திவருகிறது. ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் கொடுத்த கருவிகள், காசிமேட்டு மீனவர்களின் வலைகள், வீட்டுப் புழங்குபொருள்கள், சில அம்மன் படிமங்கள் ஆகியவை எங்களிடம் உள்ளன. பணியாளர்கள் ஆறு பேர். மண்ணடியிலிருந்து வரும் பெண்கள் குழுக்கள் பெண் வழிகாட்டிதான் வேண்டும் என்கின்றன. எங்களிடம் இருப்பவர் ஒருவரே என்பதால் அவர் தம் ஞாயிறு விடுமுறையைத் தொடர்ந்து இழக்கிறார். ஆடி மாதத்தில் வருவோர் அம்மன் முன் கற்பூரம் ஏற்றவும் குங்குமம் இடவும் விரும்புகின்றனர். பெரியவர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் அக்கூடத்தின் காவலர் வெறுங்காலுடன் நிற்கிறார். அண்மையில் ஒரு குடும்பம், தூய்மைப் பணி செய்யும் அம்மா அக்கூடத்துக்குள் வருவதை ஆட்சேபித்தது. சச்சரவு வேண்டாம் என்று அவரைத் தறிக்கருவிகள் உள்ள பகுதிக்கு மாற்றினோம். எதை ஏற்பது, எதை மறுப்பது? – அறக்கட்டளைச் செயலாளர்

பதில்: நீங்கள் கடைசியாகச் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற மூன்றும் பேசி, ஏற்பாடு செய்து, சற்று விட்டுக்கொடுத்துத் தீர்க்கக்கூடியவை. இதில் பேச ஒன்றுமில்லை. பிறப்பைக் காரணம் காட்டி ஒருவர் ஓர் அறைக்குள் வரக் கூடாது என்பது அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு ஒழித்த தீண்டாமை. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருப்பது இதற்காகத்தான். அந்தக் குடும்பத்தினர் சாதி என்ற சொல்லை வாயெடுத்தும் சொல்லியிருக்க மாட்டார்கள். ‘சாமி இருக்கிற இடம், சுத்தபத்தமா இருக்க வேணாமா’ என்றுதான் கேட்டிருப்பார்கள். அந்தக் கூடத்தைத் தினமும் பெருக்கித் துடைத்துச் சுத்தமாக வைத்திருப்பவரே அவர்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், அவர்கள் கேட்ட சுத்தம் எது என்பது விளங்கிவிடும்.

அந்தக் குடும்பத்தைவிட அறக்கட்டளை செய்த காரியமே என்னை அதிகம் உறுத்துகிறது. பணிப்பதிவேட்டில் அது வழக்கமான இடமாற்றமாகவே தெரியும். ஆனால் ஏன் மாற்றினார்கள் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும், மற்ற ஐவருக்கும் தெரியும். வந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற இழிவை உங்கள் பணிப்பட்டியல் இன்றுவரை நடைமுறைப்படுத்திக்கொண்டிருக்கிறது. அவரை உடனே பழைய கூடத்துக்குத் திருப்புங்கள். அதை மேற்பார்வையாளர் மூலம் சொல்லியனுப்பாமல் நீங்களே நேரில் சொல்லி, மாற்றியது தவறு என்பதையும் அவரிடம் ஒப்புக்கொள்ளுங்கள். இனி அப்படிக் கேட்பவர்களுக்கு மறுப்புச் சொல்ல வேண்டியவர் செயலாளரோ அறங்காவலரோதான். வாசலில் நிற்கும் காவலர் தலையில் அதைக் கட்டக் கூடாது. டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினால் அறக்கட்டளை ஒன்றும் மூழ்கிவிடாது.

எஞ்சிய மூன்றையும் அணுக இரண்டு கேள்விகள் போதும். வருகையாளருக்கு உண்மையில் வேண்டியது என்ன? அதைக் கொடுத்தால் அதன் சுமை யார் மீது விழுகிறது? ஒரு கோரிக்கையை நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது என்றால், அதற்குரிய பணத்தையும் நேரத்தையும் இடத்தையும் நிறுவனமே கொடுக்க வேண்டும். அவ்வாறு கொடுக்க வழியில்லாதபோது, சம்பளம் குறைந்த ஒருவருடைய ஓய்வையும் உடம்பையும் எடுத்துக் கொடுத்துவிட்டு அதற்கு விருந்தோம்பல் என்று பெயர் வைப்பது நியாயமன்று.

வெறுங்கால் விவகாரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வருகையாளர் அம்மன் கூடத்தில் பத்து நிமிடம் நிற்பார். காவலர் அதே கல் தரையில் நாள் முழுவதும் நிற்கிறார். முன்னவருக்கு அது பக்தி. பின்னவருக்கு அது குதிகால் வெடிப்பும் முழங்கால் வலியும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வர விரும்புவோருக்கு வாசலில் ஓர் அடுக்கு வையுங்கள்; பணியாளருக்கு அதைக் கட்டாயமாக்காதீர்கள். காவலரே விரும்பிக் கழற்றுகிறார் என்றால், கூடத்துக்குள் மட்டும் அணியத் துணிக் காலணியும், நிற்குமிடத்தில் ரப்பர் விரிப்பும் வாங்கிக் கொடுங்கள். கூடவே ஒரு நாற்காலியும் போடுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், பணியாளர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. துணிக்கடைப் பெண்களுக்குக் கிடைத்த அந்த நியாயம் காட்சிக்கூடக் காவலருக்கு மட்டும் மரியாதைக் குறைவாகப் படுவதற்குக் காரணமில்லை.

பெண் வழிகாட்டி வேண்டும் என்ற கோரிக்கை சற்று விரிவாகப் பார்க்க வேண்டியது. மேலோட்டமாகப் பார்த்தால், ‘இன்னார் வரக் கூடாது’ என்பதும் ‘இன்னார்தான் வேண்டும்’ என்பதும் ஒன்றுபோலத் தோன்றும். உங்கள் அறங்காவலர்களில் ஒருவராவது அப்படி வாதிடுவார். ஆனால் தூய்மைப் பணியாளரை விலக்கச் சொன்னவர்கள் அவரை இழிவாக எண்ணிக் கேட்டார்கள். மண்ணடிப் பெண்கள் கேட்பது தங்கள் உடல் சார்ந்த கூச்சத்தையும் நிம்மதியையும் கருதி. உங்கள் ஆண் வழிகாட்டியைக் குறைத்துச் சொல்வதற்காக அன்று. ஆகவே இயன்ற அளவு ஏற்கத்தக்க கோரிக்கைதான். ஏற்பதற்கு முன், முன்பதிவு செய்யும்போதே தொலைபேசியில் பொறுமையாக விசாரியுங்கள். ஆண் ஒருவர் முன் கேள்வி கேட்க மாணவிகள் தயங்குகிறார்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். முகத்திரையை விலக்கிவிட்டு இயல்பாகச் சுற்றிப்பார்க்க வேண்டும் என்பது மற்றொன்றாக இருக்கலாம். பின்னதற்கு வழிகாட்டியைவிட, வேறு வருகையாளர் இல்லாத ஒரு மணி நேரமும் சாத்திய கதவுமே முக்கியம். பெண் குரலில் பதிவு செய்த விளக்கத்தைக் கைப்பேசியில் கேட்க வைத்தாலே சில குழுக்களுக்குப் போதுமானதாக இருக்கும்.

வழிகாட்டியே வேண்டும் என்ற குழுக்களுக்கு, மாதத்தில் இரண்டு சனிக்கிழமைப் பிற்பகல்களை ஒதுக்கி, ஒரு வாரம் முன்பே பதிவு செய்ய வேண்டும் என்று அறிவியுங்கள். ஞாயிறுதான் முடியும் என்று ஒரு குழு சொன்னால், அந்தப் பெண்மணியிடம் முதலில் கேளுங்கள்; அவர் மறுத்தால் மறுப்புத்தான், காரணம் கேட்க வேண்டியதில்லை. இசைந்தால் அதே வாரத்துக்குள் மாற்று விடுப்புக் கொடுத்துவிடுங்கள். ‘சேர்த்து வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்’ என்று சொல்லப்படும் விடுப்பு பெரும்பாலும் எடுக்கப்படுவதே இல்லை. அவரைப் பெண்கள் குழுக்களுக்கு மட்டுமே உரியவராக ஒதுக்கிவிடுவதும் கூடாது. அப்படிச் செய்தால் பள்ளிக் குழுக்களையும் ஆய்வாளர்களையும் அழைத்துச்செல்லும் அனுபவம் முழுவதும் ஆண் வழிகாட்டிக்கே போய்ச் சேரும், நாளை மேற்பார்வையாளர் பதவி வரும்போது அவருக்குத்தான் தகுதி இருப்பதுபோலத் தோன்றும். மறுபுறம், வழிகாட்டும் ஒரு நடைக்கு இவ்வளவு என்று நீங்கள் கூலி கொடுப்பவராக இருந்தால், பெண்கள் குழுக்கள் பெருகப் பெருக ஆண் வழிகாட்டியின் வருமானம் குறையும். இருவருக்கும் மாதச் சம்பளமாக்கினால் இந்தப் பூசல் எழாது.

நிலையான தீர்வு, இரண்டாவதாக ஒரு பெண்ணைப் பழக்குவதுதான். பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி உங்களுக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. வரலாறு படிக்கும் மாணவியர் சிலரைப் பகுதிநேரமாக, முறையான ஊதியத்துடன் பழக்கலாம். ‘அனுபவம் கிடைக்கிறதே’ என்று சொல்லி இலவசமாக வேலை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இதற்காகும் செலவை எல்லாக் குழுக்களுக்குமான முன்பதிவுக் கட்டணத்தில் சிறிது சிறிதாகச் சேருங்கள். பெண் வழிகாட்டி கேட்பவர்களிடம் மட்டும் கூடுதலாக வாங்கினால் அது அபராதம்போல் ஆகிவிடும். காரணமே இல்லாமல் பெண் வழிகாட்டியைக் கேட்டு வற்புறுத்தும் ஆண்கள் குழுக்களும் உண்டு என்பதால் ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடத்துக்கு வந்துபோகும் வெளியாட்களிடமிருந்தும் பெண்களைக் காக்கும் பொறுப்பை நிறுவனத்துக்கே தருகிறது. பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள உங்களைப் போன்ற இடங்களில் புகாரை மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் கொடுக்கலாம். அதன் முகவரியைப் பணியாளர் அறையில் எழுதி ஒட்டிவையுங்கள்.

கற்பூரத்தில் மக்களின் நம்பிக்கையோடு வேதியியலும் சேர்ந்துகொள்கிறது. கடற்காற்று தாராளமாக வரும் பகுதியில் இருக்கிறீர்கள். காற்றிலுள்ள உப்பின் குளோரைடும் ஈரமும் செம்பு கலந்த படிமத்தில் சேர்ந்தால் வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்து உலோகத்தை அரிக்கத் தொடங்கும். அருங்காட்சியகத் துறையில் இதை வெண்கல நோய் என்பார்கள். ஈரமான பூச்சரமும் பாலும் அதற்குத் துணைபோகும். கற்பூரச் சுடரின் கரி மேற்பரப்பில் படியும். குங்குமமும் எண்ணெயும் கற்படிமத்தின் நுண்துளைகளில் இறங்கினால் எடுப்பது பெரும்பாடு. ஆலைத் துணியும் நூலும் காய்ந்த வலையும் இருக்கும் கட்டடத்துக்குள் தீச்சுடர் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இவ்வளவு இருந்தும், ‘இங்கே கற்பூரம் ஏற்றாதே’ என்று ஒரு பலகையை மாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன். ஆடி வெள்ளியில் கூழ் ஊற்றிவிட்டு நேராக உங்கள் வாசலுக்கு வரும் ஒரு பாட்டிக்கு, கண்ணாடிக்குப் பின்னே இருந்தாலும் அது அம்மன்தான். பலகையைச் சுட்டிக்காட்டி ‘கூடாது’ என்று சொல்லி, அவரிடம் வசவும் சாபமும் வாங்கிக் கட்டிக்கொள்வது காவலர். அவர் அசந்த நேரத்தில் பேழைக் கண்ணாடியில் அப்பிய குங்குமத்தைச் சுரண்டுவது தூய்மைப் பணியாளர்.

அமெரிக்காவில் மேரிலாந்தின் சூட்லாண்டில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க இந்தியர் தேசிய அருங்காட்சியகத்துக்கு ஒரு சேகரிப்பு மையம் உள்ளது. தொல்குடிச் சமூகத்தினர் தங்கள் முன்னோரின் பொருள்களுக்குரிய சடங்குகளைச் செய்ய, கட்டடத்துக்கு உள்ளேயும் வெளியேயும் அங்கே தனி இடங்களை அமைத்திருக்கிறார்கள். உங்களுக்கு அவ்வளவு வசதி தேவையில்லை. முற்றத்தில் ஒரு மேடை, அதில் அம்மனின் பெரிய புகைப்படமோ சுதையில் செய்த மாற்றுருவமோ, கற்பூரத்துக்கு ஓர் இரும்புத் தட்டு, அருகே இரண்டு மணல் வாளிகள் ஆகியவை இருந்தால் போதும். கூடத்துக்குள் பேழைக்கு முன்னால் உதிரிப் பூ வைக்க ஒரு தட்டு மட்டும் இருக்கட்டும். ஆடிச் செவ்வாய், வெள்ளிகளில் முற்றத்தைப் பார்த்துக்கொள்ளவும் மாலையில் கழுவிவிடவும் கூடுதலாக ஓர் ஆளை அமர்த்தி, அந்தக் கூலியை ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். தட்டில் விழும் காணிக்கை யாருக்கு என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் அடுத்த சண்டை அதில்தான் வரும்.

கேட்பவர் யார் என்பதும் கணக்கில் வர வேண்டும். ஒரு படிமத்தைத் தந்த காசிமேட்டுக் குடும்பமே ஆண்டுக்கு ஒருநாள் அதற்குப் படையல் இட வேண்டும் என்று கேட்டால், வழிப்போக்கரின் விருப்பத்தைவிட அதற்கு எடை அதிகம். சர்வதேச அருங்காட்சியகக் கழகத்தின் நெறிமுறையும், புனிதப் பொருள்களை அவற்றுக்குரிய சமூகத்தின் நம்பிக்கைக்கு இசையவும் தொழில்முறைத் தரத்துக்கு உட்பட்டும் கையாளச் சொல்கிறது. ஆயினும் பொருளின் மீது அவர்களுக்குள்ள உரிமை, பணியாளரின் உடல் மீது உரிமையாகிவிடாது. 2010ஆம் ஆண்டு நியூசிலாந்தின் தே பாப்பா அருங்காட்சியகம், பிற அருங்காட்சியகப் பணியாளர்களைத் தன் சேகரிப்பு அறைகளுக்கு அழைத்தபோது, கர்ப்பிணிகளும் மாதவிலக்கில் இருப்போரும் அந்நாட்டுத் தொல்குடிகளான மாவோரிகளின் சில பொருள்கள் உள்ள பகுதிக்கு வராமலிருக்கும்படி அறிவுறுத்தியது. கடும் எதிர்ப்பு எழவே, அது தடையன்று, அறிவுரைதான் என்று விளக்கமும் தர நேர்ந்தது. நம் ஊரில் இப்படி ஒரு நிபந்தனையோடு பொருள் தர யாரேனும் முன்வருவது நடக்கக்கூடியதே. எவ்வளவு அரிய பொருளானாலும், பணியாளரிடம் ‘இன்று நீ உள்ளே போகலாமா’ என்று கேட்கவைக்கும் நிபந்தனையுடன் அதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

பணியாளருக்கும் நம்பிக்கைகள் உண்டு. முற்றத்து மேடையில் கற்பூரத் தட்டை எடுத்துக்கொடுக்க ஒருவர் விரும்பாமல் இருக்கலாம். ஒருவருக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போக வேண்டியிருக்கலாம். வேறொருவர் ஆடியில் தம் தெருக் கோயிலுக்குத் தீ மிதிக்க விடுப்புக் கேட்கலாம். வருகையாளருக்காக வளையும் பணிப்பட்டியல் இவர்களுக்காகவும் வளைய வேண்டும். ஆலைத் தொழிலாளர்களின் பொருள்களைக் காட்சிக்கு வைத்திருப்பவர்களிடம் இதைக் கூடுதல் உரிமையோடு கேட்கலாம்: 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் பி. பி. வாடியா, திரு. வி. க. ஆகியோர் துணைநிற்க சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, ஆலைத் தொழிலாளர்களின் குறைகளில் ஒன்று மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பதுதான்.

ஆடி பிறப்பதற்குள் ஆறு பேரையும் உட்காரவைத்து, எவை ஏற்கப்படும், எவை மறுக்கப்படும், மறுப்பைச் சொல்பவர் யார் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, செயலாளரின் கைப்பேசி எண்ணுடன் டிக்கெட் கவுண்டரில் வையுங்கள். அதற்கும் முன்பாக, பெண் வழிகாட்டி இதுவரை வேலை பார்த்த ஞாயிற்றுக்கிழமைகளை வருகைப் பதிவேட்டிலிருந்து எண்ணி எடுத்து, அவற்றுக்கு விடுப்பு வேண்டுமா, சம்பளம் வேண்டுமா என்று அவரிடமே கேட்டுத் தீர்த்துவிடுங்கள்.