அண்ணனுக்கு ஏன் புரியவில்லை?

அன்புள்ள சார்,

என் அம்மாவுக்கு 78 வயது. தனியாக இருக்கிறார். இரண்டு மாதம் முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்தார். பெரிய அடி இல்லை. அன்றிலிருந்து அண்ணன், அம்மாவைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போய்விடுகிறேன் என்கிறார். அம்மாவுக்கு விருப்பமில்லை. நான் அம்மா பக்கம். போனில் பேச ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் சண்டையாகிவிடுகிறது. எத்தனை முறை விளக்கினாலும் அண்ணனுக்குப் புரியவில்லை. போன வாரம், ‘உனக்கு அம்மா மேல அக்கறையே இல்ல’ என்று சொல்லிவிட்டார். இருவரும் ஒரே தாயிடம் வளர்ந்தவர்கள். அவர் படித்தவர், அறிவாளி. இவ்வளவு எளிய விஷயம் ஏன் புரியவில்லை? அல்லது நடிக்கிறாரா? ‘ஒவ்வொருவர் பார்வையும் ஒவ்வொரு விதம்’ என்று மட்டும் பதில் எழுதிவிடாதீர்கள்.

கே.

அன்புள்ள கே.,

எழுத மாட்டேன். அந்த வரியைப் பெரும்பாலும் பேச்சை முடித்துக்கொண்டு எழுந்து போவதற்குத்தான் சொல்கிறோம்.

உங்கள் கடிதத்தில் ‘புரியவில்லை’ என்ற சொல் இரண்டு முறை வருகிறது. இரண்டு இடத்திலும் ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று போட்டுப் படித்துப் பார்த்தேன். கடிதம் மாறவே இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, எல்லோரும் செய்வதுதான். சண்டைக்கு நடுவே ‘நான் சொல்றது புரியுதா?’ என்று கேட்பவர், ‘நல்லாப் புரியுது, ஆனா சரியில்ல’ என்ற பதிலுக்கா காத்திருக்கிறார்?

லீ ராஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் பற்றி நிறைய யோசித்தவர். நான் உலகத்தை உள்ளது உள்ளபடி பார்க்கிறேன் என்றுதான் ஒவ்வொருவரும் நம்புகிறோம் என்பார். அப்படியானால் என்னோடு மாறுபடுகிறவருக்கு விவரம் தெரியாமலிருக்க வேண்டும், இல்லை புத்தி போதாது, இல்லை ஏதோ உள்நோக்கம். நீங்கள் இதே வரிசையில் போயிருக்கிறீர்கள். முதலில் விளக்கிப் பார்த்தீர்கள். அப்புறம் ‘அறிவாளி’ என்று சொல்லி இரண்டாவதைத் தள்ளிவிட்டீர்கள். மிச்சம் இருந்தது நடிப்பு. அண்ணனும் தன் பாதையில் நடந்து அதே இடத்துக்குத்தான் வந்திருக்கிறார். அவர் அதற்கு வைத்த பெயர் அக்கறையின்மை.

விளக்கியும் ஏன் போய்ச் சேரவில்லை? 1990இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஒரு சோதனை செய்தார். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனதுக்குள் ஓடவிட்டு, அதன் மெட்டை ஒருவர் மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டும் பாட்டுகளில் பாதியாவது தெரிந்துவிடும் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டியது 120 பாட்டு. கண்டுபிடிக்கப்பட்டது 3. தட்டுகிறவர் காதில் முழுப்பாட்டும் ஓடுகிறது, அதனால் எதிராளிக்குக் கேட்பது வெறும் டொக் டொக் என்று அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடிவதில்லை.

‘அம்மா விருப்பம்’ என்று நீங்கள் சொல்லும்போது, தன் வீட்டில், தன் சாவியோடு, தன் நேரத்துக்கு எழுந்து தூங்கும் ஒரு பெண்மணி உங்கள் மனதில் ஓடுகிறார். ‘பாதுகாப்பு’ என்று அண்ணன் சொல்லும்போது, ராத்திரி இரண்டு மணிக்கு ஈரத்தரையில் கிடந்து கூப்பிடும் ஒரு கிழவி அவர் மனதில் ஓடுகிறாள். போனில் இருவருக்கும் போய்ச் சேர்வது ஒற்றைச் சொல். அடுத்த முறை விழுந்தால் யார் தூக்குவது என்பது அவருடைய கேள்வி. மிச்சமிருக்கும் வருடங்களை அம்மா எப்படி வாழ்வது என்பது உங்களுடையது. தன் கேள்விக்கு மற்றவர் தப்பான பதில் சொல்வதாக இருவரும் கோபப்படுகிறீர்கள்.

(ஒரே தாய் என்றீர்கள். மூத்த பிள்ளை பார்த்த அம்மாவும் இளைய பிள்ளை பார்த்த அம்மாவும் வயதில்கூட ஒன்றில்லையே.)

நன்னூலில் எழுவகை மதம் என்று ஒரு சூத்திரம் உண்டு. மதம் என்றால் அங்கே கொள்கை, தரப்பு. உடன்படல், மறுத்தல் இரண்டையும் சொன்ன கையோடு பவணந்தி மூன்றாவதாக வைப்பது ‘பிறர்தம் மதமேற் கொண்டு களைவே’. அடுத்தவன் தரப்பை முதலில் நீ ஏற்று நின்று, பிறகு நீக்கு. நாம் களைவதில் மட்டும் கெட்டிக்காரர்கள். நண்பர் ஒருவரிடம் இதை முயன்றேன். அவர் தரப்பை நானே எடுத்துச் சொன்னேன். ‘இல்ல, அது இல்ல’ என்று மூன்று முறை திருத்தினார். பத்து வருடமாக அவரோடு வாதாடி வந்தவன் நான். அந்தப் பத்து வருடமும் யாரோடு வாதாடினேன் என்று தெரியவில்லை.

அடுத்த முறை போனில் அண்ணன் பயத்தை நீங்கள் சொல்லிப் பாருங்கள், ‘ஆமா, அதைத்தான் சொல்றேன்’ என்று அவர் சொல்லும்வரை. கடைசியில் ‘ஆனால்’ ஒட்டாதீர்கள். ஒட்டினால் அதற்கு முன்பு சொன்னது எதுவும் அவர் காதில் நிற்காது.

இதனால் அவர் மனம் மாறும் என்று சொல்லமாட்டேன். தன் இஷ்டப்படி வாழ ஒருவர் எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம் என்பதில் உங்கள் இருவருக்கும் நிஜமாகவே கருத்து வேறுபாடு இருக்கலாம். முழுக்கப் புரிந்த பிறகும் அது அப்படியே நிற்கலாம். ஆனால் அப்போது சண்டை அதைப் பற்றியதாக இருக்கும், யாருக்கு அக்கறை என்பதைப் பற்றி அல்ல.

அப்புறம், உங்கள் கடிதத்தில் அம்மா வாயிலிருந்து வந்திருப்பது ‘விருப்பமில்லை’ என்ற ஒரு சொல்தான். விழுந்த அன்று அவருக்கு என்ன தோன்றியது என்று நீங்கள் இருவரில் யாராவது கேட்டீர்களா?