ஸ்காட்டியின் மறதி

அன்புள்ள ஐயா,

வணக்கம். பெரம்பூரில் இருக்கிறேன், வேலை ஓ.எம்.ஆரில். பள்ளியில் ஒன்றாகப் படித்த நாங்கள் நான்கு பேர், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஒரு நண்பன் வீட்டு மொட்டைமாடியில் புரொஜெக்டர் வைத்துப் பழைய அறிவியல் புனைவுத் தொடர்களைப் பார்ப்போம். போன தடவை ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் பழைய இன்ஜினியர் ஸ்காட்டி வரும் ‘ரெலிக்ஸ்’ பகுதியையும், அடுத்து ‘ஜெனரேஷன்ஸ்’ படத்தையும் போட்டோம். அங்கேதான் சண்டை.

ரெலிக்ஸில், ஆளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டர் கருவிக்குள் 75 வருடம் அடைந்து கிடந்து மீட்கப்படுகிறார் ஸ்காட்டி. வந்திருப்பது என்டர்பிரைஸ் கப்பல் என்று கேட்டதும், தன் பழைய கேப்டன் ஜிம் கிர்க்கே தன்னைத் தேடிக் கப்பலை எடுத்துவந்துவிட்டார் என்று நினைத்துப் பூரிக்கிறார். ஆனால் படத்தில், அதற்கெல்லாம் முன்பே ஒரு விபத்தில் கிர்க் போய்விட்டார் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அந்தக் கப்பலில் ஸ்காட்டியும் இருக்கிறார்!

இது நம்மை முட்டாளாக்கும் வேலை என்றான் ஒருவன். அத்தனை வருடம் அடைந்து கிடந்தவனுக்கு மூளை குழம்பாதா என்றான் இன்னொருவன். மூன்றாமவன் ‘கதைதானே, விடுங்கடா’ என்று பஜ்ஜியில் இறங்கிவிட்டான். பேச்சு கேமியோ பக்கம் திரும்பியது. பழைய ஆளைக் கொண்டுவந்து விசில் வாங்குவது ஒரு பிழைப்பா என்று முதலாமவன் கேட்க, ‘ரா.ஒன் படத்தில் சிட்டி வந்தபோது சீட் மேல் ஏறி விசிலடித்தவன்தானே நீ’ என்று நான் வாயை விட்டுவிட்டேன். அவன் வாட்ஸ்அப் குழுவை விட்டே வெளியேறிவிட்டான். பத்து நாளாகக் குழுவில் ஒரு குட் மார்னிங்கூட இல்லை.

நீங்களும் இந்தத் தொடர்களைப் பார்ப்பவர் என்று உங்கள் கட்டுரைகளில் படித்திருக்கிறேன். யார் பக்கம் நியாயம்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூன்றாமவரைத் தவிர எல்லார் பக்கமும் நான் இருக்கிறேன். ‘கதைதானே’ என்பவர் சண்டையை முடித்துவைக்கப் பார்க்கிறார், நல்ல மனசு. ஆனால் கதைதானே என்றால் மாதம் இரண்டு சனிக்கிழமை கொசுக்கடியில் மொட்டைமாடியில் எதற்கு உட்கார வேண்டும்?

இந்தப் பிழை எப்படி வந்தது என்று தெரிந்தால் உங்கள் முதல் நண்பருக்குக் கோபம் இன்னும் கொஞ்சம் ஏறும். ரெலிக்ஸ் 1992 அக்டோபரில் ஒளிபரப்பானது. எழுதியவர் ரொனால்ட் டி. மூர். 1994இல் வந்த ஜெனரேஷன்ஸ் படத்தின் திரைக்கதையை பிரானன் பிராகாவோடு சேர்ந்து எழுதியவரும் அதே மூர்தான். வெளியாள் யாரும் வந்து கெடுக்கவில்லை. படத்தின் தொடக்கத்தில் கிர்க்கோடு பழைய சகாக்கள் ஸ்பாக்கும் டாக்டர் மெக்காயும் வருவதாகத்தான் முதலில் யோசித்திருந்தார்கள். அந்த வேடங்களில் நடித்த லெனர்ட் நிமாயும் டிஃபாரஸ்ட் கெல்லியும் மறுத்துவிட்டார்கள். அந்த இடத்துக்கு ஸ்காட்டியாக ஜேம்ஸ் டூஹனும் இன்னொரு சகா செக்காவாக வால்டர் கோனிக்கும் வந்தார்கள். கோடம்பாக்கத்தில் கால்ஷீட் கிடைக்காவிட்டால் என்ன செய்வார்களோ அதையே அங்கும் செய்தார்கள். ஆள் மாறினார், இரண்டு வருடத்துக்கு முந்தைய வசனம் ஒன்று அந்தரத்தில் தொங்கியது.

எனக்கு மூர் மேல் பரிவுதான் வருகிறது. 90களின் தொடக்கத்தில் ஒரு வார இதழில் தொடர்கதை எழுதினேன். திங்கட்கிழமை காலையில் இதழிலிருந்து பையன் வந்து வாசலில் நிற்பான். நான் உள்ளே கடைசிப் பக்கத்தை எழுதிக்கொண்டிருப்பேன். நாலாவது அத்தியாயத்தில் நாயகியின் பெரியப்பாவைச் சாகடித்திருந்தேன். பத்தொன்பதாவது அத்தியாயத்தில் அவர் திண்ணையில் உட்கார்ந்து காபி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் உறைக்கவில்லை, மெய்ப்பு பார்த்தவருக்கும் உறைக்கவில்லை. அடுத்த வாரம் 15 பைசா தபால் அட்டைகள் வர ஆரம்பித்தன. மாயவரத்திலிருந்து ஒருவர், ‘பெரியப்பாவின் ஆத்மா சாந்தியடையட்டும், காபிக்குச் சர்க்கரை சரியாக இருந்ததா?’ என்று கேட்டிருந்தார். இன்னொரு அட்டையில் மயிலாப்பூர் முத்திரை. ஒரு அம்மாள் எழுதியிருந்தார்: அந்த அத்தியாயம் முழுக்க நாயகிக்குக் காய்ச்சல் அடிக்கிறது, காய்ச்சல்காரி கண்ணுக்குப் பெரியப்பா தெரிந்ததைச் சொல்லாமல் சொன்னது மனசைப் பிசைந்துவிட்டது. நான் காய்ச்சல் வரவழைத்தது அவளைக் கல்யாணத்துக்குப் போகவிடாமல் தடுக்க. புத்தகமாக வந்தபோது பெரியப்பாவைத் திண்ணையிலேயே விட்டுவிட்டேன்.

அந்த அம்மாள் செய்ததற்குத் தமிழில் பெயர் இருக்கிறது, வழுவமைதி. இலக்கண வகுப்பில் தூங்காமல் இருந்திருந்தால் உங்களுக்கும் ஞாபகம் வரும். ஒருவன் தன் பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்கிறான். அஃறிணையை உயர்திணையாகச் சொல்வது வழு. ஆனால் பிரியத்தில் சொன்னான், போகட்டும் என்று இலக்கணம் விட்டுக்கொடுக்கிறது. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு என்று இப்படி விட்டுக்கொடுக்க நன்னூல் வரிசையாகக் காரணம் வைத்திருக்கிறது. மூளை குழம்பியிருக்கும் என்ற உங்கள் இரண்டாவது நண்பர் இந்த உரையாசிரியர் பரம்பரையில் வந்தவர். அமெரிக்காவிலும் இதற்கு மரியாதை இருந்தது. மார்வெல் காமிக்ஸில் ஸ்டான் லீ, பிழையைக் கண்டுபிடித்து அது ஏன் பிழையில்லை என்றும் விளக்கி எழுதும் வாசகர்களுக்கு ‘நோ-பிரைஸ்’ என்று ஒன்றைக் கொடுத்தார். வீட்டுக்கு வருவது உள்ளே ஒன்றுமில்லாத காலி உறை. உரை எழுதியவருக்கு உறை!

ஆனால் உங்கள் இரண்டாவது நண்பருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வழுவமைதி சொல்வது ரசிகனின் வேலை. தயாரிப்பாளர்களே அதைக் கையில் எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் சொதப்புகிறார்கள். ஸ்டார் ட்ரெக்கின் வேற்றுக்கிரக இனமான கிளிங்கான்களின் நெற்றியைப் பாருங்கள். 60களின் தொடரில் அவர்களுக்கு நம்மைப் போல வழவழப்பான நெற்றி. 1979இல் படம் எடுத்தபோது மேக்கப்புக்குக் காசு வந்தது, நெற்றியில் மேடும் பள்ளமும் வந்தன. ரசிகர்கள் வருடக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். 1996இல், தொடரின் முப்பதாவது ஆண்டுக்காக ‘டீப் ஸ்பேஸ் நைன்’ என்ற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரின் குழுவினரைக் காலத்தில் பின்னோக்கி அனுப்பிப் பழைய பகுதி ஒன்றுக்குள்ளேயே புகுத்தினார்கள். அங்கே வழவழ நெற்றிக் கிளிங்கான்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் தங்கள் குழுவில் இருக்கும் மேடுபள்ள நெற்றிக் கிளிங்கான் வோர்ஃபைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, அதைப் பற்றி வெளியாட்களிடம் நாங்கள் பேசுவதில்லை என்கிறான். அவ்வளவுதான். வீட்டுச் சங்கதியைச் சபையில் கிளறினால் நம்மூர்ப் பெரியவர் செருமிவிட்டுப் பேச்சை மாற்றுவாரே, அந்த அழகு. அதோடு விட்டிருக்கலாம். 2005இல் ‘என்டர்பிரைஸ்’ தொடரில் இரண்டு பகுதி செலவழித்து மரபணு, வைரஸ் என்று காரணம் கண்டுபிடித்தார்கள். கணக்கு நேரானது. பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

கானும் செக்காவும் எனக்கு அதைவிடப் பிடித்த வழக்கு. 1982 படத்தில் வில்லன் கான் செக்காவைப் பார்த்ததும், ஒரு முகத்தைப் பார்த்தால் மறக்க மாட்டேன் என்கிறான். கான் முதலில் வந்த பகுதி 1967 பிப்ரவரியில் ஒளிபரப்பானது. கோனிக் தொடருக்குள் வந்ததே அடுத்த சீசனில்தான்! இதற்குக் கோனிக்கே ரசிகர் கூட்டங்களில் ஒரு கதை சொல்வார்: செக்காவ் அப்போது கப்பலில் வேறு எங்கோ வேலையில் இருந்தான், அவன் கழிவறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டதால் வெளியே கான் வெகுநேரம் காத்து நின்றான், அந்த முகத்தை எப்படி மறப்பான்? இதற்கு மேல் ஓர் உரை எழுத முடியாது.

எது மூலம், எது பிற்சேர்க்கை என்ற சண்டையும் நமக்குப் புதிதில்லை. இடைச்செருகல், பாடபேதம், வெள்ளிப் பாடல் என்று எத்தனை சொற்கள் வைத்திருக்கிறோம். கம்பனைப் பதிப்பித்தவர்கள் சந்தேகத்துக்குரிய பாடல்களை மிகைப் பாடல்கள் என்று பின்னால் தள்ளினார்கள். 2014இல் ‘ஸ்டார் வார்ஸ்’காரர்கள் செய்ததும் அதுதான். இருபது முப்பது வருடமாக வந்த நாவல்களையும் காமிக்ஸையும் மொத்தமாக ‘லெஜெண்ட்ஸ்’ என்று பெயர் வைத்து ஒதுக்கினார்கள். திருவல்லிக்கேணி நடைபாதையில் பேரம் பேசி வாங்கிச் சேர்த்த என் அலமாரியின் ஒரு தட்டு முழுக்க ஒரே நாளில் மிகைப் பாடல் ஆகிவிட்டது. ஆனால் திமதி ஜான் 1991 நாவலில் படைத்த நீலத்தோல் தளபதி திரான், 2016இல் ‘ரெபல்ஸ்’ தொடர் வழியாக மறுபடி மூலத்துக்குள் நுழைந்துவிட்டான். நல்ல பாட்டை எந்தப் பதிப்பாசிரியராலும் ரொம்ப நாள் பின்னிணைப்பில் வைத்திருக்க முடியாது.

சரி, கேமியோ. நம் டைட்டில் கார்டுகளில் ‘கௌரவத் தோற்றம்’ என்று வரும், ‘நட்புக்காக’ என்றும் வரும். ரா.ஒன்னில் சிட்டி வந்தது நட்புக்காக. எந்திரன் கடைசியில் சிட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள், பிறகு அது எப்போது இந்திப் படத்துக்குப் போய்வந்தது என்று கேட்கலாம். கேட்டு என்ன பயன்? அது விசிலுக்காகவே வந்தது, விசிலை வாங்கிக்கொண்டு போயிற்று. உங்கள் நண்பர் சீட் மேல் ஏறியதில் தப்பே இல்லை. நீங்கள் அதைச் சொல்லிக்காட்டியதுதான் தப்பு. அதற்கு ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது.

விசில் வேறு, வேலை வேறு. 2021 டிசம்பரில் ‘ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்’ அமெரிக்காவுக்கு ஒரு நாள் முன்னதாக இங்கே வெளியானது. வடபழனிப் பக்கம் ஒரு தியேட்டரில் பார்த்தேன். முந்தைய படங்களின் ஸ்பைடர்மேன் ஆண்ட்ரூ கார்ஃபீல்டு முகமூடியைக் கழற்றியதும் எழுந்த சத்தத்தில் அடுத்த ஐந்து நிமிட வசனம் காதில் விழவில்லை. அந்த வீட்டுப் பாட்டி அவனிடம் கூரை மூலையில் இருக்கும் ஒட்டடையை எடுக்கச் சொல்கிறாள் என்பதே பின்னால் வீட்டில் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆனால் கடைசியில் அவன், விழுகிற பெண்ணைப் பாய்ந்து பிடித்துத் தரையிறங்கும்போது அவன் முகம் உடைகிறது. 2014 படத்தில் தன் காதலியை அவனால் அப்படிப் பிடிக்க முடியவில்லை. அத்தனை நேரம் கத்திய தியேட்டர் அங்கே அமைதியாகிவிட்டது. அந்தப் பழைய படத்தை எங்கள் வரிசையில் யாருமே மறந்திருக்கவில்லை.

இதற்கெல்லாம் மூத்த கேமியோ பாரதத்தில் இருக்கிறது. பூப் பறிக்கப் போகும் பீமன் வழியில் ஒரு கிழக் குரங்கு வாலை நீட்டிப் படுத்திருக்கிறது. வாலைத் தூக்கப் பார்க்கிறான், அசையவில்லை. முந்தைய யுகத்துக் கதையின் வீரன் இந்த யுகத்துக் கதைக்குள் எப்படி வந்தான் என்று கேட்பவனுக்குச் ‘சிரஞ்சீவி’ என்று ஒரே சொல்லில் பதில். ஸ்காட்டியின் டிரான்ஸ்போர்ட்டரும் அவருக்குக் கொடுத்தது அந்த வரம்தான், அதுவும் 75 வருடத்துக்கு. இங்கே அனுமனின் முதுமைதான் காட்சி. அவர் இளமையாகத் துள்ளிக் குதித்து வந்திருந்தால் பீமனின் கர்வம் இறங்கியிருக்காது. அதனால்தான் 1994இல் காலமான, பழைய ஸ்டார் வார்ஸ் வில்லன் நடிகர் பீட்டர் குஷிங்கின் முகத்தைக் கணினியில் வரைந்து 2016இல் ‘ரோக் ஒன்’ படத்தில் உலாவவிட்டபோது எனக்கு ஒட்டவில்லை. வாரிசுகளிடம் அனுமதி வாங்கித்தான் செய்தார்கள். இருந்தாலும் அந்த முகத்தில் இடைப்பட்ட வருடங்கள் இல்லை.

டூஹன் ரெலிக்ஸில் நடித்தபோது வயது 72. புதுக் கப்பலில் எல்லோருக்கும் இடைஞ்சலாக இருந்து திட்டு வாங்கிக்கொண்டு, ஒரு பாட்டிலோடு, கேட்ட இடத்தை நிஜம்போலக் காட்டும் ஹோலோடெக் அறைக்குப் போய்ப் பழைய என்டர்பிரைஸின் கட்டுப்பாட்டுத் தளத்தைக் காட்டச் சொல்கிறார். கதவு திறக்கிறது. பழைய இயந்திரங்களின் அதே கீச்சொலி, ஒரு ஆள் இல்லை. ஊற்றிக்கொண்டு, காலி நாற்காலிகளைப் பார்த்துக் கோப்பையை உயர்த்துகிறார். இதைப் பார்த்தபிறகு கிர்க் பற்றிய அந்த வசனம் எனக்குப் பிழையாகவே படுவதில்லை. கண் விழித்ததும் போன ஆளைத்தான் முதலில் தேடுவோம். எங்கள் அப்பா கடைசி வருடங்களில் காலையில் எழுந்ததும் ‘அண்ணன் வந்தாச்சா’ என்று கேட்பார். பெரியப்பாவுக்குக் கொள்ளி வைத்தது அவர்தான்.

முதல் நண்பருக்கு ஒரு தகவல். குழுவில் போடாதீர்கள், போன் பண்ணிச் சொல்லுங்கள். அந்தப் பழைய தளத்தை முழுசாகக் கட்டக் காசு இல்லை. கொஞ்சம் மட்டும் கட்டிவிட்டு, கதவு திறந்ததும் தெரியும் காலித் தளத்துக்கு 1967இல் வந்த ‘திஸ் சைட் ஆஃப் பாரடைஸ்’ பகுதியிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டினார்கள். அந்தப் பகுதியில் விண்செடியின் துகள்களில் மயங்கி எல்லோரும் கப்பலை விட்டு இறங்கிப் போய்விடுகிறார்கள், கிர்க் மட்டும் தனியாக மிஞ்சுகிறார். ஆள் இல்லாத தளம் அந்தக் கதையில்தான் கிடைத்தது. அடுத்த சனிக்கிழமை அதைப் போடுங்கள். அவர் இரண்டையும் நிறுத்தி நிறுத்தி ஒப்பிட்டு, எந்த விளக்கு எங்கே மாறியிருக்கிறது என்று ஆரம்பிப்பார். பஜ்ஜி கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவையுங்கள்.