லீவில் வரும் சிப்பாயும் ராணுவச் சட்டமும்

கேள்வி: என் அண்ணன் மகன் அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகிறான். ராணுவத்தில் ஓரினச் சேர்க்கையாளர்களுக்கும் இடம் வேண்டும் என்று சிலர் வாதாடுகிறார்கள். பத்துப் பேர் ஒன்றாகப் படுத்தெழும் கூடாரத்தில் ஒழுக்கம் என்னாவது?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: இடம் கொடுக்கலாமா என்கிறீர்கள். அவர்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள். விடியற்காலையில் பாமணியாற்றங்கரையில் ஓடிப் பழகும் பையன்களைப் பாருங்கள். முழு மதிப்பெண் வேண்டுமானால் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓட வேண்டும். கம்பியைப் பிடித்துப் பத்து முறை எம்ப வேண்டும், ஒன்பதடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். அவர்களில் யாருடைய மனம் யாரை நாடுகிறது என்பதை எந்தத் தேர்வும் அளப்பதில்லை, அளக்கத் தேவையும் இல்லை.

ஒழுக்கத்துக்கு வருகிறேன். உடன் இருப்பவரை அவர் விருப்பமில்லாமல் தொடுபவன், பதவியைக் காட்டி மிரட்டுபவன் யாராக இருந்தாலும் தண்டனைக்குரியவன். ஆனால் நம் சட்டம் அத்தோடு நிற்கவில்லை. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, ‘இயற்கைக்கு மாறான’ இழிசெயலுக்கு ஏழாண்டு வரை சிறை என்கிறது. வயது வந்த இருவர் மனமொப்பிச் சேர்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று சொல்லிவிட்டது. நான்கே மாதத்தில், 2019 ஜனவரியில், அன்றைய தரைப்படைத் தளபதி பிபின் ராவத், ராணுவத்துக்குள் இதை அனுமதிக்க மாட்டோம் என்றார். படையினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த அரசியல் சட்டத்தின் 33ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது, உண்மைதான். அந்த அதிகாரத்தை இப்படித்தான் பயன்படுத்த வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இதன் விலையை யார் கொடுக்கிறார்கள் தெரியுமா? நம் டெல்டா கிராமத்துப் பெண்களும்தான். சிப்பாய்க்கு ஆண்டில் இரண்டு மாத லீவு. அவன் ரயிலை விட்டு இறங்குவதற்குள் ஜாதகம் பார்த்து, மண்டபத்துக்கு முன்பணமும் கட்டியிருப்பார்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால் வீடு ரணகளமாகும். சேதி யூனிட்டுக்குப் போனால் வேலைக்கும் பென்ஷனுக்கும் ஆபத்து. வாயை மூடிக்கொண்டு தாலி கட்டிவிட்டு லீவு முடிந்ததும் கிளம்பிவிடுகிறான். எதுவும் அறியாத அந்தப் பெண், ஏன் இன்னும் குழந்தை இல்லை என்ற ஏச்சை மாமியார் வீட்டில் தனியாக வாங்கிக்கொண்டிருக்கிறாள். இரண்டு உயிர்களை இப்படிப் பாழாக்கிவிட்டு எந்த ஒழுக்கத்தைக் காப்பாற்றுகிறோம்? ரகசியம் ஒன்றைப் பொத்தி வைத்திருப்பவனை மிரட்டிப் பணியவைப்பது எதிரிக்கும் எளிது. அந்தப் பயத்தை நாமே ஊட்டி வளர்க்கிறோம்.

பிரிட்டன் இந்தத் தடையை 2000 ஜனவரியில் நீக்கியது. அதற்கு முன் சந்தேகப்பட்டவர்களின் அறைகளைச் சோதனையிட்டு, கடிதங்களைத் துருவி, பதக்கங்களைப் பறித்து வெளியேற்றினார்கள். 2023 ஜூலையில் அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். கனடாவும் ஆஸ்திரேலியாவும் 1992லேயே தடையை எடுத்துவிட்டன. மூன்று நாட்டுப் படைகளும் அதன் பிறகு ஆப்கானிஸ்தானில் போரிட்டன. அங்கேயும் வீரர்கள் ஒரே கூடாரத்தில்தான் படுத்தெழுந்தார்கள்.

நம் சிப்பாய்கள் கிராமத்துக்காரர்கள், அவர்களுக்கு இது ஒத்துவராது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு மிகவும் கோபமூட்டும் வாதம் இது. பெண் அதிகாரிகளின் தலைமையை ஏற்கக் கிராமத்துச் சிப்பாய்களின் மனம் பக்குவப்படவில்லை என்று மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது. 2020 பிப்ரவரியில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. மேலிடத்தின் தயக்கத்தை எல்லாம் நம் பிள்ளைகளின் தலையில் கட்டுவதை நாம் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்? நாற்று நடும் வீட்டில் பிறந்தவனுக்கு, பக்கத்தில் நின்று உயிரைக் காப்பவனின் அருமை தெரியும்.

46ஆம் பிரிவைத் திருத்த வேண்டும். வன்முறைக்கும் பதவியை வைத்து மிரட்டுவதற்கும் தண்டனை இருக்கட்டும். மனமொப்பிய உறவு அதிலிருந்து வெளியேறட்டும். இது நீதிமன்றத்துக்காகக் காத்திருக்க வேண்டிய வேலையல்ல, நாடாளுமன்றமே செய்யலாம். மன்னார்குடி தஞ்சாவூர் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. உங்கள் எம்.பி. அடுத்த முறை ஊருக்கு வரும்போது, இந்தத் திருத்தத்துக்கு அவர் குரல் கொடுப்பாரா என்று கேளுங்கள்.