ஆலிஸ் மன்றோ கதைகளில் காலம் குழம்புகிறதா?

கனடா நாட்டுச் சிறுகதை எழுத்தாளர் மன்றோவின் கதைகளில் எது முன்னால், எது பின்னால் நடந்தது என்று தெரியாமல் பாதியில் மூடிவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கதை என்பது நேராக நடந்துபோகும் பாதை அல்ல, அறை அறையாகச் சுற்றிவரும் வீடு என்று அவரே ஒரு முன்னுரையில் சொல்லியிருக்கிறார். அதனால் வரிசையைத் தேடாதீர்கள். இடைவெளி விட்டுப் புதுப் பகுதி தொடங்கும்போது, முக்கியப் பாத்திரத்துக்கு இப்போது ஏறக்குறைய என்ன வயது என்று மட்டும் பென்சிலால் ஓரத்தில் குறியுங்கள். முடித்ததும் முதல் இரண்டு பக்கத்தைத் திரும்பப் படியுங்கள். சும்மா வந்துபோன தகவல் கனத்துத் தெரியும்.

1999-இல் நியூயார்க்கர் இதழில் வந்த 'தி பேர் கேம் ஓவர் தி மவுண்டன்' கதையில் தொடங்கலாம். நினைவு மங்கும் மனைவி, பழைய துரோகங்களோடு கணவன். சட்டென்று பிடி கிடைக்கும். அப்புறம், ஒரு நாளைக்கு ஒரு கதை போதும்.